இருவருக்கான ஆழம்

பத்து மணிக்குக் கோயில் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு ஜோன் அம்மா வந்துவிடுவார். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் இந்தத் தாளில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும், அதற்குப் போய் மனுஷனுக்கு ஏன் இப்படி உள்ளங்கை வியர்க்கிறது, அதுவும் செப்டம்பரிலேயே எலும்பைக் குடைகிற சீமையின் இந்த நார்ஃபோக் குளிரில். மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. இறந்தவர் பெயர், ஞானப்பூ தவசிமுத்து. இறந்த தேதி, பிப்ரவரி ஒன்பது. விண்ணப்பிப்பவர், கணவர். கல்லின் நிறம், சாம்பல். பளபளப்பாக்கக் கூடாது, தங்க எழுத்து கூடாது, படம் கூடாது, இவர்களுக்குக் கல்லறையிலும் ஆயிரம் சட்டம். கடைசிக் கட்டம்தான் பாக்கி: கல்லில் இடம்பெறப் போகும் பெயர்கள் மொத்தம் எத்தனை? நாலு வாரமாக அந்தக் கட்டம் என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். ஜோன் அம்மா இந்தச் சபையின் குருவானவர். எங்கள் ஊர் நாசரேத்துப் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், அவர் வீட்டுக்காரியை ஐயரம்மா என்போம். இங்கே அம்மாவே ஐயர் என்பதை ஞானப்பூவால் கடைசி வரை சிரிக்காமல் சொல்ல முடிந்ததில்லை. அவள் இந்தத் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சிலிருந்து முப்பதடி தூரத்தில் கிடக்கிறாள். மண் இறுகட்டும் என்று ஏழு மாதம் கல் வைக்காமல் காத்திருந்தாயிற்று. இன்றைக்குத் தாளைக் கொடுத்தால்தான் இந்த வருஷம் கல் வைக்க முடியும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் எனக்கு எழுபத்தேழு. அதைப் பற்றி நினைக்க வேண்டாம், வேலையைப் பார்ப்போம்.

வேலை இருக்கிறது. இந்தக் கோயிலில் தரையிலும் சுவரிலும் இருக்கிற கல்லெழுத்தையெல்லாம் பென்சிலால் பார்த்தெழுதி, வரிசை எண் போட்டு, சபைக்கு ஒரு புத்தகமாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தபாலைப் பிரிக்கிற ஆபீசில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான். மழையில் நனைந்தது, குடிகாரன் எழுதியது, பாதி கிழிந்தது என்று எந்த விலாசத்தையும் படித்து அந்தந்தப் பெட்டியில் போட்டவன், முந்நூறு வருஷம் செருப்புக்கால் பட்டுத் தேய்ந்த எழுத்தெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா. பொருட்டாக இருந்தது செருப்புக்கால்தான். இங்கே செத்தவர்களைத் தரைக்கடியில் புதைத்து, மேலே பாவிய கல்லிலேயே பெயரை வெட்டிவிடுகிறார்கள். சனங்கள் அதன்மேல் நடந்துதான் நற்கருணைக்குப் போக வேண்டும். காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு எப்படி இருக்கும். முதல் ஞாயிறு ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்தில் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனேன். "எல்லாரும் பாக்காவ. சாக்ஸோட நிக்காதீங்க, சளி பிடிக்கும்" என்று ஞானப்பூ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் மட்டும் எப்படி நடந்தாள் என்று நினைக்கிறீர்கள், அவளும் ஓரமாகத்தான் நடந்தாள், ஷூ மட்டும் போட்டிருந்தாள். இப்போது நானும் மிதிக்கிறேன். ஆனால் ஒரு கல்லை மட்டும் இன்னும் மிதிப்பதில்லை. நாற்பத்தொன்றாம் எண், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில், பாய்க்கு அடியில் கிடப்பது. சூசன்னா, எட்மண்ட் லார்வுட்டின் அன்பு மனைவி, 1671ஆம் வருஷம் முப்பத்துநாலு வயதில் இறந்தாள். மேல்பாதி முழுக்க அவள். கீழ்ப்பாதி வெறுமை. ஓர் எழுத்துகூட இல்லை. முந்நூற்றைம்பது வருஷமாகப் பெண்டாட்டியைத் தனியே கிடத்திவிட்டு எங்கே போய்த் தொலைந்தான் இந்த எட்மண்ட்? அடக்கப் பதிவேட்டின் நகலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன், ஆள் இல்லை. வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வேறு ஊரில் சுகமாகப் புதைந்திருப்பான் என்று அன்றைக்கே முடிவுகட்டி, நாலு மாதமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பேனா மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது. அவனாவது இடம் விட்டான். நான் என்ன செய்தேன்? பிப்ரவரி பத்தாம் தேதி, அடக்க ஏற்பாடு செய்கிற பெல்லமியின் ஆபீசில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் என் மகள் ஹெப்சி, இன்னொரு பக்கம் லெஸ்டரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்த ஞானப்பூவின் தங்கை லில்லி புஷ்பம். பெல்லமி நல்ல மனுஷன், குரலை உயர்த்தாமல் பேசுவான். பெட்டி எந்த மரம், பூ வேண்டுமா, பாட்டு என்ன பாட்டு என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அதே குரலில், "குழி ஒருவருக்கான ஆழமா சார், இருவருக்கான ஆழமா?" என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருவருக்கு என்றால் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டி அவளை அடியில் வைப்பார்கள், என் நாள் வரும்போது என்னை அவளுக்கு மேலே வைத்து மூடுவார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு. இரண்டு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். லில்லி புஷ்பம் தமிழில் பாய்ந்தாள். "என்ன மச்சான் இது, அக்கா மேல இன்னும் மண்ணு விழல, அதுக்குள்ள இந்தாளு உங்களுக்கும் சேத்து அளவு கேக்கான்! வாயில வைக்காதீங்க. ஆழமாத் தோண்டி வச்சா அது ஆளுக்காகக் காத்துக்கிட்டே கிடக்கும். ஒத்தைன்னு சொல்லுங்க." இழவு வீட்டில் போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற சனம் நாங்கள். எத்தனை தலைமுறை வேதம் படித்தும் அது மட்டும் போகவில்லை. ஹெப்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தது வலித்தது. ஒன்று என்று சொன்னேன். பெல்லமி எழுதிக்கொண்டான். எழுதிக்கொண்டு, "நிச்சயமாகவா சார்?" என்று ஒரு தடவை கேட்டான்கூட. நிச்சயமாக என்றேன். நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பாஷை பேசி என்ன, அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு புரளவில்லை.

சரி, மேலே இல்லாவிட்டால் பக்கத்தில் என்று மனதைத் தேற்றியிருந்தேன். அவளுக்கு இடது பக்கம் யூ மரம், வேருக்குள் தோண்ட முடியாது. வலது பக்கம் காலியாக இருந்தது. இருபத்தொரு நாள் இருந்தது. இருபத்திரண்டாம் நாள் எங்கள் சபையார் பிரெட் கேட்ச்போல் வந்து படுத்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, அறுவடைத் திருவிழாவுக்குப் பூசணிக்காய் கொண்டுவருவார், ஞானப்பூவிடம் மிளகாய்ச் செடி வாங்கிப் போய் வளர்த்தவர். இருந்தாலும் என் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் கேட்ச்போல் என்ன கேட்ச்போல். அதற்குப் பிறகு மூலையில் இரண்டு குழி, அதோடு கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. இனி இங்கே புது அடக்கம் கிடையாது என்று உத்தரவும் வந்து கதவில் ஒட்டியாயிற்று. நாலு மைல் தள்ளி நகராட்சிக் கல்லறை இருக்கிறதாம், கார் நிறுத்த வசதியாக இருக்குமாம். யாருக்கு வசதி, எனக்கா? ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் அப்பா, தாத்தா பக்கத்தில் என்று ஹெப்சி ஒரு தடவை பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள். ஜோன் அம்மாவிடம்தான் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் நேராகச் சொல்லிவிட்டார். "பெட்டி வைக்க முடியாது, தவசி. ஆழம் போதாது. ஆனால் சாம்பல் என்றால் அனுமதி உண்டு. ஞானப்பூவின் குழியிலேயே ஒரு முழம் தோண்டினால் போதும். யோசித்துச் சொல்லுங்கள்." யோசித்துச் சொல்லுங்களாம். நாலு வாரமாக அதைத்தான் செய்கிறேன், வேறென்ன செய்கிறேன்.

எரிக்க வேண்டும். அதைத்தான் அந்த அம்மா மெதுவாகச் சொல்கிறார். முழு மனுஷனாக நாலு மைலுக்கு அப்பால் கிடப்பதா, சாம்பலாகி இவளிடம் வருவதா? எங்கள் வீட்டில் ஒருத்தரையும் எரித்ததில்லை. பெட்டியில் வைத்து, முகத்தைப் பார்த்து, மண் அள்ளிப் போட்டுத்தான் பழக்கம். மரண பயம் என்று சொல்ல மாட்டேன், நெருப்புப் பயம், சுத்தமான நெருப்புப் பயம், அது எனக்கு உண்டு. அதை வளர்த்துவிட்டவளே ஞானப்பூதான். பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் இருபத்தாறு வருஷம் நர்சாக இருந்தாள். வேலை முடிந்து வந்ததும் என்னிடம் பேச மாட்டாள், முதலில் கையைக் கழுவுவாள், பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நான் தோசைக்கல் பக்கம் போனால் போதும், "தள்ளி நில்லுங்க, உங்களுக்கு நெருப்போட என்ன வேலை" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். அவளிடம் போவதற்கு நான் நெருப்புக்குள் போக வேண்டுமாம். என்ன சொல்லுவாள்? நல்லா இருக்கு நீங்க பண்ணுத கூத்து என்பாளா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வார்டில் பார்த்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். முதுகு முழுக்கப் போய்விட்டது, ஆனால் மனுஷன் நிம்மதியாக டீ கேட்டாராம். மேலாகச் சுட்டால்தான் வலிக்குமாம், ஆழமாகப் போய்விட்டால் ஒன்றும் தெரியாதாம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் ஏன் இப்போது அதைப் பிடித்துத் தொங்குகிறேன், செத்தவனுக்கு மேலென்ன ஆழமென்ன. இன்னொரு பயமும் இருக்கிறது. சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, எதை வைத்து எழுவது, ஒரு ஜாடிச் சாம்பலை வைத்தா? அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வடக்குச் சுவரோரம் ஒருவர் கற்சிலையாக மல்லாந்து கிடக்கிறார், சர் ஹியூ, மூக்கு உடைந்த வீரர். பிரான்சுச் சண்டையில் செத்தவரைக் கப்பலில் கொண்டுவந்தால் நாறிவிடும் என்று, பெரிய அண்டாவில் போட்டு, வைனும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்க வைத்து, சதை கழன்றதும் எலும்பை மட்டும் தோல் பையில் கட்டிக்கொண்டு வந்து இங்கே புதைத்தார்கள் என்று கோயில் துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறது. மனுஷனை ரசம் வைத்திருக்கிறார்கள். கடவுளுக்கு இவரை எழுப்ப வழி தெரியும் என்றால் என்னை எழுப்பவும் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன், நினைத்து முடிப்பதற்குள் அடுப்பின் நீல ஜுவாலை கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

கதவு கிறீச்சிடுகிறது. ஜோன் அம்மா அதற்குள் வந்துவிட்டாரோ என்று தாளைக் கையால் மூடினேன். இல்லை, ஒரு வயதான தம்பதி, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. மனுஷர் நேராக என்னிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்கிறார். பதினாலாம் நூற்றாண்டில் கட்டியவர்கள் அதை மறந்துவிட்டார்கள் சார், எதிரே இருக்கிற கடையில் கேளுங்கள் என்கிறேன். போகிறார். அந்த அம்மாள் போகவில்லை, நான் சுருட்டி வைத்த பாய்க்குப் பக்கத்தில், சூசன்னாவின் கல்லில், இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நிற்கிறாள். "இந்தப் பெண்ணின் புருஷன் எங்கே?" என்றாள். நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். "என்னுடையவர் மட்டும் இப்படிச் செய்து பார்க்கட்டும்" என்று சிரித்தாள். பிறகு, "கீழே ஏதோ கோடு மாதிரி இருக்கிறதே" என்றாள். இருக்காது அம்மா, முப்பது தடவை பார்த்துவிட்டேன் என்று சொல்லவந்தவன், அவளுடைய கண் என் கண்ணைவிட நல்ல கண்ணாக இருக்கலாம் என்று டார்ச்சை எடுத்தேன். தேய்ந்த கல்லுக்கு நேராக வெளிச்சம் அடிக்கக் கூடாது, தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடிக்க வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழும். முழங்கால் போட்டு அடித்தேன். கோடு. தலைமுடி கனத்தில் நாலு ஜோடி கோடு, சீராக, ஒரே இடைவெளியில். கல்வெட்டுகிறவன் எழுத்து கோணாமல் இருக்கப் போட்டுக்கொள்கிற கோடு. நாலு வரிக்கு அளந்து, கோடு போட்டு, வெட்டாமல் விட்டிருக்கிறான். எட்மண்ட் ஓடிப்போகவில்லை. இடம் கேட்டு, அளவு கொடுத்து, எல்லாம் செய்திருக்கிறான். பிறகு எங்கேயோ எப்படியோ செத்திருக்கிறான், அவனை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருத்தரும் மிஞ்சவில்லை. அல்லது தெரிந்தவர்களிடம் அவன் சொல்லவே இல்லை. நாலு மாதம் திட்டினேனே ஐயா உன்னை, மன்னித்துக்கொள். அந்த அம்மாள் கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். கடையிலிருந்து வந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், போகும்போது கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பத்து நாற்பது. இடம் விட்டால் மட்டும் போதாது. கட்டத்தில் எதை எழுதினாலும் என்னைக் கொண்டுவந்து சேர்க்கப் போகிறவள் ஹெப்சி. அவளிடம் சொல்ல வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், இழவைப் பற்றிய பேச்சை எடுத்தாலே டீ போடப் போகிறேன் என்று எழுந்துவிடுகிறவளிடம். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கழுத்தை அறுக்கிறோம். போன் எடுத்தேன். கோயிலுக்குள் போன் பேசக் கூடாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டவனே நான்தான். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" உடம்புக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்றேன். "பயமுறுத்தாதீங்கப்பா." இல்லைம்மா, நான் செத்ததும் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன், சர் ஹியூ முதல் சூசன்னா வரை எல்லாரும் கேட்கிற மாதிரி அது கூரை வரைக்கும் போய் வந்தது. அப்பா என்று அதட்டினாள். நீ டீ போடப் போகாதே, கேள் என்றேன். கேட்டாள். நகராட்சி இடம் வேண்டாம், ஊரும் வேண்டாம், என்னை எரித்து அந்தச் சாம்பலை அம்மா குழியில் வை, ஜோன் அம்மா செய்துகொடுப்பார், கல்லில் இடம் இருக்கும், நாலு வரி, அதைக் காலியாக விட்டுவிடாதே. சொல்லி முடித்துவிட்டேன். லில்லி சித்தி என்ன சொன்னாலும் கேட்காதே என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சித்தி இல்லப்பா. நான்தான். நான்தான் உங்க கையப் பிடிச்சேன். நீங்க ரெண்டுன்னு சொல்ல வந்தீங்க, எனக்குத் தெரியும். உங்களையும் சேத்து அன்னைக்கே குழில வைக்கிற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் தோட்டம் மூடுறாங்கன்னு நோட்டீஸ் பாத்ததுல இருந்து நான் ஒழுங்காத் தூங்கலப்பா." ஏழு மாதம். இந்தப் பிள்ளை ஏழு மாதம் இதைச் சுமந்துகொண்டு எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவை மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உன் கையா என் வாயை மூடியது, நான் எழுபத்தாறு வயசு ஆம்பிளை என்றேன். அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். "நெருப்பு பயமில்லையாப்பா உங்களுக்கு? காஸ் அடுப்பைக்கூடப் பத்தவைக்க மாட்டீங்களே." பயம்தான் என்றேன். என்னைக் கொண்டுபோகிற வழியில் நீ கூட வா என்றேன். வரேன்பா என்றாள்.

பாயை விரிக்க எழுந்தேன், விரிக்கவில்லை. வருகிறவர்கள் கோட்டைப் பார்க்கட்டும். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே எழுதியிருந்த 'கீழ்ப்பாதி வெறுமை' என்பதை அழித்துவிட்டு, 'நாலு வரிக்குக் கோடு போடப்பட்டுள்ளது' என்று எழுதினேன். ஜோன் அம்மா வெளியே சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்கிறது. எப்போதும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவார், இதில் மட்டும் எங்கள் ஊர் ஐயர்மாருக்கு நேர் எதிர். கையைத் தேய்த்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயர், தேதி, நிறம் எல்லாவற்றிலும் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது. நிரப்பவில்லையே என்று குறை சொல்லவில்லை. பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக்கொண்டு, பெல்லமி கேட்ட மாதிரியே மெதுவாகக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை பெயர், தவசி?"

"ரெண்டு" என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, அவருக்குப் புரிகிற பாஷையில் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.